மாவட்டத்துக்குக் கீழே ஆட்சி எவருக்குப் பதில் சொல்கின்றது?

அதிகாரப் பகிர்வு பற்றிய விவாதம் எமது நாட்டில் மாகாணம் என்ற ஒரு சொல்லைச் சுற்றியே பல தசாப்தங்களாக நடைபெற்று வருகின்றது. அந்த விவாதத்தின் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், சாதாரண குடிமகன் ஒருவர் அரசாங்கத்தை நேருக்கு நேர் சந்திக்கும் இடம் மாகாணத் தலைநகரமும் அல்ல, மாவட்டக் கச்சேரியும் அல்ல. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி, அடையாள அட்டை விண்ணப்பம், காணி அனுமதிப்பத்திரம், முதியோர் கொடுப்பனவு, அஸ்வெசும மேன்முறையீடு, வெள்ள நிவாரணம், வாகன வருமான அனுமதிப்பத்திரம் என எதற்கும் அவர் ஏறி இறங்க வேண்டியது பிரதேச செயலகத்தின் படிகளையே. அதற்கும் முன்னதாகக் கிராம அலுவலரின் மேசை முன்னால் அவர் காத்திருக்க வேண்டும். அங்கு இருப்பவர் தமது மொழியில் பேசுகின்றாரா, தமது ஊரை அறிந்தவரா, ஒரு கையொப்பத்துக்காக எத்தனை மைல் தூரம் பயணிக்க வேண்டியுள்ளது என்பவையே அந்தக் குடிமகனைப் பொறுத்தவரையில் ஆட்சியின் தன்மையைத் தீர்மானிக்கின்றன.

மாவட்டத்துக்குக் கீழான இந்த நிர்வாக அலகுகள் ஏனைய நாடுகளில் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை ஒப்புநோக்குவது வெறும் பொது அறிவுக்கான முயற்சியன்று. கிழக்கிலே தமிழ், முஸ்லிம் மக்களுக்கிடையிலும், மலையகத்திலே தோட்ட மக்களுக்கும் அரசுக்குமிடையிலும் இன்று நிலவும் மிகக் கூர்மையான சர்ச்சைகள் இந்த அலகுகளின் எல்லைகள் பற்றியவையே. அவை ஏன் இவ்வளவு கூர்மையடைந்துள்ளன என்ற வினாவுக்கு, அயல்நாடுகளின் அனுபவத்தில் ஓரளவு விடை கிடைக்கின்றது.

தெற்காசியாவில் இந்த அலகுகளுக்கு வழங்கும் பெயர்களே அவற்றின் பிறப்பைச் சொல்லிவிடுகின்றன. தமிழ்நாட்டில் வழங்கும் 'தாலுகா' என்ற சொல் 'தஅல்லுக்', அதாவது தொடர்பு அல்லது சார்பு, என்ற அரபுச் சொல்லில் இருந்து வந்தது. பாகிஸ்தானிலும் வட இந்தியாவிலும் வழங்கும் 'தஹ்ஸில்' என்பதும் அரபு மூலமுடையதே. வரி திரட்டுதல் என்பது அதன் பொருள். தாசில்தார் என்பவர் வரி திரட்டுபவர். மாவட்டத்தைக் குறிக்கும் 'ஜில்லா'வும் அரபு வழியில் வந்த சொல்தான். பங்களாதேஷ் தனது அலகுக்குச் சூட்டிய 'உபஜில்லா' என்ற பெயரில் 'உப' என்ற சமஸ்கிருத முன்னொட்டும் 'ஜில்லா' என்ற அரபுச் சொல்லும் ஒட்டி நிற்கின்றன. மொகலாயர் வகுத்து, பிரித்தானியர் செப்பனிட்ட இந்த அமைப்புக்கள் யாவும் நில வரி திரட்டவும் ஒழுங்கைப் பேணவும் உருவாக்கப்பட்டவை. மக்களுக்குச் சேவை வழங்குவது என்பது பிற்காலத்தில் அவற்றின் தோள்மீது ஏற்றப்பட்ட சுமையாகும். மேலிருந்து நியமிக்கப்பட்டு மேலிடத்துக்கே பதில் சொல்லும் பழக்கம் அந்த அலுவலகங்களை விட்டு இலகுவில் அகலாமைக்கு இதுவே அடிப்படை.

இலங்கையின் கதையும் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டதல்ல. கிழக்கில் மண்முனைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, கோறளைப்பற்று, கரவாகுப்பற்று என்றும், வடக்கில் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என்றும் வழங்கிய பழைய பிரிவுகள் வன்னியர்கள், மணியகாரர்கள், உடையார்கள், விதானைமார் ஆகியோரின் கைகளில் இருந்தன. சுதந்திரத்துக்குச் சற்று முன்னர், பரம்பரைச் செல்வாக்கின் அடிப்படையில் அமைந்த மேல்நிலைத் தலைமைக்காரர்களின் இடத்துக்குப் பரீட்சை மூலம் தெரிவான காரியாதிகாரிகள் கொண்டுவரப்பட்டனர். 1963 ஆம் ஆண்டில் விதானை முறை ஒழிக்கப்பட்டுக் கிராம சேவகர் பதவி உருவாகியது. காரியாதிகாரி பின்னர் உதவி அரசாங்க அதிபரானார். 1992 ஆம் ஆண்டின் 58 ஆம் இலக்க அதிகாரக் கைமாற்றச் சட்டத்தின் மூலம், அரசாங்க அதிபர் வசமிருந்த பெருமளவு அதிகாரங்கள் பிரதேச செயலாளருக்குச் சென்றன. பெயர்ப் பலகை நான்கு தடவைகள் மாறியிருக்கின்றது. எனினும் எமது முதியவர்கள் கிராம அலுவலரை இன்றும் 'விதானையார்' என்றே அழைக்கின்றனர். அதில் ஒரு சரியான கணிப்பு இருப்பதாகவே எமக்குத் தோன்றுகின்றது.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டில் 331 பிரதேச செயலகப் பிரிவுகள் இருந்தன. சராசரியாக ஒரு பிரிவுக்கு 61 ஆயிரம் பேர் வரையில் அமைகின்றனர். கிராம அலுவலர் பிரிவுகளோ சுமார் 14 ஆயிரம். இந்தச் சராசரி எவ்வளவு பொய்யானது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

இந்தியாவில் நிலைமை மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகின்றது. தமிழ்நாட்டில் மாவட்டத்துக்குக் கீழே இரண்டு தனித்தனிக் கோடுகள் செல்கின்றன. வருவாய்த் துறையின் கோட்டில் தாலுகா எனப்படும் வட்டம், அதற்குக் கீழே பிர்கா, அதற்கும் கீழே வருவாய்க் கிராமம் என்பன அமைகின்றன. உள்ளூராட்சியின் கோட்டில் ஊராட்சி ஒன்றியமும் கிராம ஊராட்சியும் வருகின்றன. இவ்விரு கோடுகளின் எல்லைகளும் பெரும்பாலும் ஒன்றையொன்று பொருந்துவதில்லை. சாதிச் சான்றிதழுக்கு ஒரு திசையிலும், வீட்டுத் திட்டத்துக்கு வேறொரு திசையிலும் மக்கள் பயணிக்க நேர்வது இதனாலேயே. பரம்பரையாக இருந்துவந்த கர்ணம், முன்சீப் பதவிகளை எம்.ஜி.ஆர். அரசாங்கம் 1980 நவம்பரில் ஒரு அவசரச் சட்டத்தின் மூலம் ஒழித்தது. 20 ஆயிரத்துக்கும் அதிகமான பதவிகள் ஒரே நாளில் இல்லாமற் போயின. அதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 1982 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கமே நின்றது. கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி அவ்வாறு பிறந்ததாகும்.

ஆந்திரப் பிரதேசத்தில் என்.டி.ராமராவ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். கிராமத்துப் பரம்பரைப் பதவிகளை 1984 இல் ஒழித்த அவர், அடுத்த ஆண்டே தாலுகாக்களையும் கலைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மண்டலங்களாக மாநிலத்தை மறுசீரமைத்தார். ஒரு தாலுகா இருந்த இடத்தில் மூன்று அல்லது நான்கு மண்டலங்கள் தோன்றின. வருவாய் அலுவலகமும் தெரிவு செய்யப்பட்ட மண்டல பரிஷத்தும் ஒரே எல்லைக்குள் கொண்டுவரப்பட்டமை இங்கு கவனத்திற்குரியது. எந்த ஊரை மண்டலத் தலைமையிடமாக்குவது என்ற போட்டியில் அரசியல் இலாபக் கணக்குகள் நிறையவே இருந்தன. இருப்பினும் அலுவலகம் மக்களை நோக்கி நகர்ந்தது என்பதை அவரது எதிரிகள்கூட மறுப்பதில்லை. 1985 இன் பின்னர் ஆட்சிக்கு வந்த எந்தக் கட்சியும் மண்டலங்களைக் கலைத்துத் தாலுகாவுக்குத் திரும்ப முற்படவில்லை.

பங்களாதேஷின் அனுபவம் இவை எல்லாவற்றையும் விட நீண்ட கவனத்துக்குரியது. 1982 மார்ச்சில் இராணுவப் புரட்சி மூலம் ஆட்சியைக் கைப்பற்றிய ஜெனரல் எர்ஷாத், அதே ஆண்டில் பொலிஸ் நிலையத்தை மையமாகக் கொண்டிருந்த 'தானா' என்ற பழைய அலகுகளை உபஜில்லாக்களாகத் தரமுயர்த்தினார். 460 உபஜில்லாக்கள் அமைந்தன. அரச திணைக்களங்களின் அதிகாரிகள் அங்கு அனுப்பப்பட்டனர். நீதிமன்றங்கள்கூட அங்கு கொண்டுசெல்லப்பட்டன. மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்படும் தவிசாளரின் கீழ் அரச உத்தியோகத்தர்கள் பணியாற்ற வேண்டும் என்ற ஏற்பாடு தெற்காசியாவில் அன்றைய நிலையில் துணிச்சலானதொன்றாகும். அதற்கான தேர்தல்கள் 1985 இலும் 1990 இலும் நடைபெற்றன.

இராணுவ ஆட்சியாளர் ஒருவர் மக்கள் மீதுகொண்ட அன்பினால் இதனைச் செய்தார் என்று நாம் கூற வரவில்லை. டாக்காவில் தமக்கு எதிராக ஒன்றுதிரண்ட கட்சிகளைத் தாண்டிக் கிராமங்களில் தமக்கென ஓர் ஆதரவுத் தளத்தை உருவாக்குவதே அவரது நோக்கம் என அன்றே விமர்சிக்கப்பட்டது. அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதன் பின்னர் நடந்ததே சிந்தனைக்குரியது. 1990 இறுதியில் எர்ஷாத் வீழ்ந்து ஜனநாயகம் மீண்டது. 1991 இல் மக்கள் வாக்கினால் ஆட்சிக்கு வந்த காலிதா ஸியாவின் அரசாங்கம், அதே ஆண்டிலேயே உபஜில்லா பரிஷத்துக்களைக் கலைத்துவிட்டது! இராணுவ ஆட்சியாளர் கொடுத்ததை ஜனநாயக அரசாங்கம் பறித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. 1992 இல் நீதிமன்றம் கலைப்பைச் செல்லுபடியானதாக ஏற்றுக்கொண்ட போதிலும், நாட்டின் ஒவ்வொரு நிர்வாக அலகிலும் உள்ளூராட்சி தெரிவு செய்யப்பட்ட சபைகளிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்ற அரசியலமைப்பின் 59 ஆவது உறுப்புரையை அரசாங்கத்துக்கு நினைவூட்டியது.

1998 இல் ஷேக் ஹசீனாவின் முதலாவது அரசாங்கம் உபஜில்லாவை மீட்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தேர்தலோ 2009 ஜனவரியில்தான் நடைபெற்றது. அந்தத் தேர்தல் முடிந்த கையோடு, தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரை உபஜில்லாவின் ஆலோசகராக்கி, அவரது ஆலோசனையை ஏற்றே ஆக வேண்டும் என்ற ஏற்பாடும் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்ட கதை இது. 2024 ஆகஸ்டில் ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறிய பின்னர், இடைக்கால அரசாங்கம் உபஜில்லாத் தவிசாளர்களைப் பதவியிலிருந்து அகற்றி, அவர்களது பொறுப்பை உபஜில்லா நிறைவேற்று அதிகாரிகளிடம் ஒப்படைத்தது. நெருக்கடி வரும்போதெல்லாம் அதிகாரம் மீண்டும் நியமிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமே போய்ச் சேர்கின்றது. ஆனாலும் ஒரு வித்தியாசத்தை நாம் கவனிக்கத் தவறக்கூடாது. பங்களாதேஷில் கடந்த நான்கு தசாப்தங்களாக நடைபெற்றுவரும் பிரதான விவாதம், உபஜில்லாவின் எல்லை எங்கே செல்கின்றது என்பதைப் பற்றியதல்ல. உபஜில்லாவின் அதிகாரி எவருக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பற்றியது.

நேபாளம் இதே வினாவுக்கு அரசியலமைப்பு மூலமாக விடை காண முயன்றது. 2015 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு சமஷ்டி, மாகாணம், உள்ளூர் மட்டம் என மூன்று தளங்களை வகுத்து, அதன் எட்டாவது அட்டவணையில் உள்ளூர் மட்டத்துக்கெனத் தனியாக 22 அதிகாரங்களைப் பட்டியலிட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம அபிவிருத்திக் குழுக்களும் பழைய நகரசபைகளும் கலைக்கப்பட்டுப் புதிய நகரபாலிகாக்களும் காவுன்பாலிகாக்களும் உருவாக்கப்பட்டன. இந்த எல்லைகளை வகுப்பதற்கென நியமிக்கப்பட்ட ஆணைக்குழு 719 அலகுகளைச் சிபார்சு செய்தது. அரசாங்கம் அதனை 744 ஆக உயர்த்தியது. ஈற்றில் 753 ஆக நின்றது.

எண்ணிக்கை இவ்வாறு ஏறியமைக்குக் காரணம் உண்டு. தென் எல்லையில் உள்ள தராய்ச் சமவெளியில் நாட்டின் சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசி வாழ்கின்றது. ஆனால் மலைப்பிரதேசங்களின் பரப்பையும் பயணத் தூரத்தையும் கருத்திற்கொண்டு அங்கு கூடுதலான அலகுகள் ஒதுக்கப்பட்டன. சனத்தொகைக்கு ஏற்றவாறு தமக்கு அலகுகள் வேண்டும் என மாதேசிக் கட்சிகள் போர்க்கொடி உயர்த்தின. மலைவாசிகளுக்குத் தூரம் ஒரு நியாயம். சமவெளி மக்களுக்குத் தொகை ஒரு நியாயம். 2017 ஆம் ஆண்டில் உள்ளூராட்சித் தேர்தலை மே, ஜூன், செப்டெம்பர் என மூன்று கட்டங்களாக நடத்த நேரிட்டதற்கு இந்த முரண்பாட்டுக்கும் பங்குண்டு. மாதேசிகளின் கோட்டையான இரண்டாம் மாகாணம் கடைசிக் கட்டத்தில்தான் வாக்களித்தது. சர்ச்சை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தேர்தலின் பின்னர் ஒவ்வோர் அலகிலும் தெரிவு செய்யப்பட்ட தலைவர் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு வட்டாரக் குழுவிலும் இரண்டு பெண்கள் இருந்தாக வேண்டும் என்றும், அவர்களில் ஒருவர் தலித் சமூகத்தவராக இருக்க வேண்டும் என்றும் சட்டம் கூறியது. எல்லைக்குள் சிறுபான்மையாகிப் போனவர்களுக்கும் மேசையில் ஓர் ஆசனம் கிடைத்தது.

தென்கிழக்காசியாவில் இந்தோனேஷியாவை ஒரு சுவாரசியமான உதாரணமாகக் கொள்ளலாம். அங்கு 'கெச்சமாத்தான்' எனப்படும் உபமாவட்டத்தின் கீழ் இரண்டு வகையான அடிமட்ட அலகுகள் அருகருகே இயங்குகின்றன. 'தேசா' எனப்படும் கிராமத்தின் தலைவரை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்கின்றனர். நகர்ப்புறத்தின் 'கெலுராஹான்' அலகுக்கோ அரசாங்க ஊழியர் ஒருவர் நியமிக்கப்படுகின்றார். 2014 ஆம் ஆண்டின் கிராமச் சட்டத்தைத் தொடர்ந்து மத்திய வரவு செலவுத் திட்டத்திலிருந்து தேசாக்களுக்கு நேரடியாக நிதி செல்லத் தொடங்கியது. பணம் வந்ததும் ஊழலும் கூடவே வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பிலிப்பைன்ஸில் 42 ஆயிரம் வரையிலான 'பரங்காய்' அலகுகள் உள்ளன. ஆதிகாலத்தில் குடியேறிகளைச் சுமந்துவந்த படகின் பெயரே அது. எமது கிராம அலுவலர் செய்யும் அத்தாட்சிப்படுத்தும் வேலைகள் பலவற்றை அங்கு செய்பவர், மக்களால் தெரிவு செய்யப்பட்ட பரங்காய்த் தலைவர். அயலவர் தகராறுகளைச் சமரசக் குழு மூலம் தீர்த்து வைப்பதும் அவரது கடமையே. எமது விதானையாருக்கு வாக்குச்சீட்டில் பெயர் அச்சிடப்படும் நிலையை எமது வாசகர்கள் ஒரு கணம் கற்பனை செய்து பார்க்கலாம். சிலருக்குச் சிரிப்பும் சிலருக்கு அச்சமும் உண்டாகக் கூடும்.

அபிவிருத்தியடைந்த நாடுகளிலும் இது தீர்ந்துபோன விடயமல்ல. சுமார் 35 ஆயிரம் கொம்யூன்களைக் கொண்ட பிரான்ஸ், சில நூறு பேர் வாழும் ஊருக்குக்கூட ஒரு மேயரை வைத்திருக்கின்றது. செலவு அதிகம் என்று கூறி அவற்றை இணைக்க முற்படும் ஒவ்வொரு தடவையும் ஊர்கள் எதிர்த்து நிற்கின்றன. ஜப்பான் இதற்கு எதிர்மாறான வழியில் சென்றது. 1999 இல் 3,232 ஆக இருந்த அதன் நகர, கிராமச் சபைகள் 2010 ஆம் ஆண்டளவில் 1,730 இற்கும் குறைவாகச் சுருங்கின. இளைஞர்கள் வெளியேறி முதியவர்கள் மட்டும் எஞ்சிய ஊர்களில், கடைசியாக இருந்த அரச அலுவலகமும் இணைப்பினால் தூர விலகியது.

இந்தப் பின்னணியில் எமது நாட்டை நோக்கும்போது ஒரு விடயம் தெளிவாகின்றது. பிரதேச செயலாளர் என்பவர் மத்திய அரசின் உத்தியோகத்தர். அவரது பிரிவுக்குள் பிரதேச சபை என்ற தெரிவு செய்யப்பட்ட மன்றமொன்று பல இடங்களில் இயங்கிய போதிலும், அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டிய கடப்பாடு இல்லை. 1987 இல் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோது, அன்றைய உதவி அரசாங்க அதிபர் பிரிவுகளை ஒட்டியே சபைகளின் எல்லைகள் வகுக்கப்பட்டன. எல்லை ஒன்றானது, அதிகாரம் ஒன்றாகவில்லை. பிரதேச சபை வீதி விளக்கையும் சந்தையையும் குப்பையையும் கவனிக்க, காணியும் நிவாரணமும் பதிவும் செயலகத்திடமே தங்கிவிட்டன. செயலகத்தின் பணிகளை மேற்பார்வை செய்ய ஒருங்கிணைப்புக் குழு உள்ளது என்பது உண்மையே. ஆனால் அதன் தலைமைப் பதவி ஜனாதிபதியின் நியமனத்தில் தங்கியுள்ளது. அது பெரும்பாலும் ஆளும் தரப்பினருக்கே செல்கின்றது.

காணிக் கச்சேரியில் எவருக்குக் காணி கிடைக்கும், நிவாரணப் பட்டியலில் எந்த ஊர் முதலில் வரும் என்பதைத் தீர்மானிக்கும் அலுவலகத்தின் மீது வாக்காளருக்கு எந்தப் பிடியும் இல்லாதபோது, அவர் நாடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அந்த அலுவலகம் தமது சமூகத்துக்கென அமைய வேண்டும். தமது சமூகத்தவரே அந்தக் கதிரையில் அமர வேண்டும். எல்லைக் கோட்டின் மீதான வேட்கை இங்கிருந்தே பிறக்கின்றது. இதனை வெறும் இனவாதம் என்று ஒதுக்கிவிடுவது இலகுவானது, ஆனால் நேர்மையானதல்ல என்பதே எமது கருத்து.

கல்முனை இதற்கு எடுத்துக்காட்டாகும். அங்கு தமிழ்ப் பிரிவுக்கென 1989 இல் உருவான உப பிரதேச செயலகம் 29 கிராம அலுவலர் பிரிவுகளைக் கொண்டது. அதனைத் தரமுயர்த்த 1993 இலேயே அமைச்சரவை தீர்மானித்தது எனவும், காணி, நிதி தொடர்பான முழு அதிகாரங்கள் இன்னும் தரப்படவில்லை எனவும் தமிழர் தரப்பு தொடர்ச்சியாகக் கூறிவருகின்றது. முஸ்லிம்களின் ஆட்சேபணையோ வேறு வகையானது. நிலத்தொடர்பற்ற, இன அடிப்படையிலான பிரிப்பு இது என்றும், தமது வர்த்தக நிலையங்கள் அமைந்துள்ள கல்முனை நகரத்தின் முக்கிய பகுதி கைமாறிவிடும் என்றும் அவர்கள் அஞ்சுகின்றனர். கடை வரியும் வியாபார உரிமக் கட்டணமும் மாநகர சபைக்கே செல்பவை. செயலக எல்லை மாறுவதால் அவை மாறப்போவதில்லை. ஆனால் இன்று செயலகத்துக்கு வகுக்கும் கோடு நாளை உள்ளூராட்சி சபையின் கோடாகவும் மாறும் என்ற அச்சத்துக்கு, 1987 இன் வரலாறு இடமளிக்கின்றது என்பதையும் நாம் கூறியாக வேண்டும்.

அயலிலுள்ள சாய்ந்தமருது இந்தக் கதையின் மறுபக்கம். அங்கு தனியான பிரதேச செயலகம் ஏற்கெனவே உண்டு. அம்மக்கள் கேட்பது தனியான உள்ளூராட்சி சபையை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு நகர சபை வழங்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியாகி, ஊரே வெடி கொளுத்திய ஆரவாரம் அடங்குவதற்கு முன்னர், சில நாட்களிலேயே அமைச்சரவை அதனை இடைநிறுத்தியது. ஒரே மாநகர எல்லைக்குள் தமிழர் செயலகம் கேட்கின்றனர், முஸ்லிம்களில் ஒரு சாரார் சபை கேட்கின்றனர். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பேசியிருந்தால் கொடுக்கல் வாங்கலுக்கு வழி பிறந்திருக்கும். கொழும்போ இரண்டு கோரிக்கைகளையும் தனித்தனிக் கோப்புகளில் வைத்து, தேர்தல் காலங்களில் மட்டும் தூசி தட்டுகின்றது. 2019 ஜூன் மாதத்தில், உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் அதிர்ச்சி தணியாத வேளையில், கல்முனையில் தரமுயர்த்தலைக் கோரி நடைபெற்ற உண்ணாவிரதப் பந்தலுக்குத் தெற்கிலிருந்து பிக்குமார் படையெடுத்து வந்தமையை இரு சமூகங்களும் மறந்திருக்க முடியாது. வந்தவர்கள் திரும்பிச் சென்றுவிட்டனர். செயலகம் தரமுயரவில்லை, அயலவர்களுக்கிடையிலான மனக்கசப்பு மட்டும் தரமுயர்ந்தது.

மலையகத்தில் பிரச்சினை வேறு உருவில் நிற்கின்றது. 2012 ஆம் ஆண்டுக் கணக்கின்படி நெடுந்தீவு பிரதேச செயலகப் பிரிவில் ஐயாயிரத்துக்கும் குறைவானவர்களே வாழ்ந்தனர். கடல் சூழ்ந்த தீவு என்பதால் அதற்குத் தனிச் செயலகம் இருப்பது முற்றிலும் நியாயமானது. அதே கணக்கில் அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பிரிவுகள் ஒவ்வொன்றிலும் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். அதாவது, நாட்டின் சராசரியைப் போல் மூன்று மடங்குக்கும் மேல். மலைச்சரிவில், பேருந்து அரிதான தோட்டத்திலிருந்து ஒரு நாள் சம்பளத்தை இழந்து செயலகத்துக்கு வரும் தொழிலாளியைப் பொறுத்தவரையில் தூரமும் தொகையும் ஒருசேர எதிராக நிற்கின்றன. நேபாளத்தில் மலைவாசிகளுக்கும் சமவெளியினருக்கும் தனித்தனியே இருந்த நியாயங்கள் இரண்டும் அவருக்கு உண்டு. அவ்விரண்டு பகுதிகளிலும் இருந்த இரு பிரதேச சபைகள், 2018 ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன்னர் ஆறாகப் பிரிக்கப்பட்டன. அதுவரையில் சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடுவதற்குத் தடையாக இருந்த சட்ட ஏற்பாடும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. மேலதிக பிரதேச செயலகங்களுக்கான அறிவித்தல் 2019 இல் வெளிவந்த போதிலும், அதனை நடைமுறைப்படுத்துவது வருடக்கணக்கில் இழுபட்டது.

எல்லைக் கோட்டில் இன்னொரு பொருளும் மறைந்துள்ளது. அது மொழி. 1988 இல் நிறைவேறிய பதினாறாவது திருத்தத்தின்படி வடக்கு, கிழக்குக்கு வெளியே சிங்களமே நிர்வாக மொழி. ஆனால் உதவி அரசாங்க அதிபர் பிரிவொன்றில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் விகிதாசாரத்தைக் கருத்திற்கொண்டு, அங்கு இரு மொழிகளிலும் நிர்வாகம் நடைபெற வேண்டும் என ஜனாதிபதி பணிக்கலாம். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பிரிவுகள் 1999 இல் அவ்வாறு இருமொழிப் பிரிவுகளாக்கப்பட்டன. பின்னர் வேறு மாவட்டங்களிலும் சில பிரிவுகள் சேர்க்கப்பட்டன. வடக்கு, கிழக்குக்கு வெளியே வாழும் தமிழருக்கும், தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கும் இந்த ஏற்பாடு ஒரே அளவில் பயன் தருவது. ஏனெனில் அது இனத்தைக் கேட்கவில்லை, மொழியைக் கேட்கின்றது. ஒரு உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 80 ஆயிரம் பேர் கொண்ட ஒரு பிரிவில் தமிழ் பேசுவோர் 12 ஆயிரம் எனின், அவர்கள் நூற்றுக்கு 15 வீதம். அப்பிரிவை 40 ஆயிரம் வீதம் இரண்டாகப் பிரிக்கும்போது, கோடு ஒரு பக்கமாகச் சென்றால் இரண்டிலும் 15 வீதமே நிலைக்கும். வேறு பக்கமாகச் சென்றால் ஒன்றில் 20 வீதமாகவும் மற்றொன்றில் 10 வீதமாகவும் மாறும். அந்த 10 வீதத்தினர் தமிழில் ஒரு படிவம் கேட்பதற்குரிய பலம் அத்துடன் குறைந்துவிடுகின்றது. புதிய செயலகம் கிடைத்தது என்று மாலை மரியாதைகளுடன் விழாவெடுக்கும் எமது அரசியல் பிரமுகர்களில் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபின் வரைபடத்தில் கையொப்பமிடுகின்றனர் என்பதை நாம் அறியோம்.

நேபாளம் குறைந்தபட்சம் ஓர் ஆணைக்குழுவை நியமித்து, சனத்தொகை, புவியியல், வளங்கள் ஆகிய அளவுகோல்களை முன்கூட்டியே அறிவித்து, அதன் அறிக்கையைப் பகிரங்கமாக விவாதித்தது. எமது நாட்டிலும் குழுக்கள் காலத்துக்குக் காலம் நியமிக்கப்பட்டதுண்டு. ஆனால் இறுதித் தீர்மானம் அமைச்சரவையின் அன்றைய கூட்டுக் கணக்கிலும் வர்த்தமானியின் ஒரு பக்கத்திலுமே தங்கியுள்ளது. ஒரு பிரிவைப் பிரிப்பதற்கு முன்னர், பாதிக்கப்படும் கிராம அலுவலர் பிரிவுகளின் பட்டியலும், மொழி விகிதாசாரமும், காணிக் கோப்புகள் எங்கு செல்லும் என்ற விபரமும் மும்மொழிகளிலும் வெளியிடப்பட்டு, இரு சமூகத்தவர்களினதும் ஆட்சேபணைகள் எழுத்தில் பெறப்பட வேண்டும் என்ற எளிய நடைமுறையைக் கொண்டுவர அரசியலமைப்புத் திருத்தம் தேவையில்லை. புதிய செயலகத்தின் திட்டங்கள் அதே எல்லையின் தெரிவு செய்யப்பட்ட சபையின் முன் வைக்கப்பட வேண்டும் என்று கோருவதும் அப்படியே.

அந்தச் சபைகளோ 2023 மார்ச் முதல் இரண்டு வருடங்களுக்கு மேலாக உறுப்பினர்கள் இன்றி ஆணையாளர்களினாலும் செயலாளர்களினாலும் நடத்தப்பட்டன. 2025 மே 6 ஆம் திகதி நாடு தழுவிய ரீதியில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றபோது, கல்முனை மாநகர சபைக்கு மட்டும் நீதிமன்ற வழக்குக் காரணமாக வாக்களிப்பு இடம்பெறவில்லை. எல்லைக்காக இவ்வளவு காலம் போராடிய ஊரின் தமிழரும் முஸ்லிம்களும் அன்றைய தினம் அயல் ஊர்களின் வாக்குச்சாவடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.